நண்பர்களோடு ஆன்லைன் குவிஸ்: வேக ஆட்டமா, பேசி ஆடும் ஆட்டமா?

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நண்பர்கள் சேர்ந்து ஆன்லைனில் குவிஸ் ஆடலாம் என்று பேச்செடுத்தவுடன் குரூப்பில் வரும் முதல் கேள்வி "எந்த ஆப்?" என்பதுதான். அதை இரண்டாவது கேள்வியாகத் தள்ளி வையுங்கள். கேள்வி வந்ததற்கும் பதில் சொல்வதற்கும் நடுவே உள்ள நேரத்தில் உங்கள் ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பட்டனைத் தட்ட வேண்டுமா, இல்லை "இரு இரு, இதை எங்கேயோ படித்திருக்கிறேன்" என்று ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் மறுக்க, மூன்றாவது ஆள் யாரும் நினைக்காத ஒரு பதிலைக் கொண்டுவந்து போட வேண்டுமா? முதல் வகை வேக ஆட்டம், இரண்டாவது பேசி ஆடும் ஆட்டம். எந்த ஆப்பை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஒரு தடவையோடு விடாமல் தொடர்ந்து ஆட நினைக்கும் நண்பர்களுக்குப் பேசி ஆடும் ஆட்டம்தான் சரி என்பது என் கருத்து. ஆனால் ஆள் எண்ணிக்கை, நேரம், யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வேக ஆட்டத்தில் பலருக்கும் பழக்கமானது கஹூட். நார்வேயில் பிறந்தது, 2013-ல் வெளிவந்தது, முதலில் வகுப்பறையை மனதில் வைத்துச் செய்தது. கேள்வி நடத்துபவரின் திரையில் தெரியும், ஆடுபவர் போனில் சிவப்பு முக்கோணம், நீல டைமண்ட், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று நான்கு பட்டன்கள் மட்டும் இருக்கும். ஆடுபவர்கள் ஆப் இறக்க வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பிரவுசரில் பின் நம்பரை அடித்து ஒரு பெயரைக் கொடுத்தால் உள்ளே வந்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே பெரிய கூட்டத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. லிங்க் அனுப்பியும் பத்து நிமிடம் "எனக்கு வரவில்லையே" என்று யாராவது சொல்லிக்கொண்டிருக்கும் அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் மதிப்பெண் எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சரியான பதிலுக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. அதில் பாதி தெரிந்ததற்கு, மீதிப் பாதி வேகத்துக்கு. 20 விநாடிக் கேள்விக்கு 2 விநாடியில் தட்டினால் 950, 10 விநாடி யோசித்துத் தட்டினால் 750, கடைசி நொடியில் தட்டினால் கிட்டத்தட்ட 500. அதாவது நிதானமாக யோசித்துச் சரியாகச் சொல்பவரும் அவசரக்காரரும் ஒரே பதிலைச் சொன்னாலும் இரண்டு மடங்கு வரை வித்தியாசம் வரும். வகுப்பறையில் எல்லோரும் ஒரே திரையைப் பார்ப்பதால் இது நியாயம்தான். நண்பர்கள் வீடியோ காலில் ஸ்க்ரீன் ஷேர் வழியாகப் பார்க்கும்போது கதை வேறு. நெட் மெதுவாக இருப்பவருக்குக் கேள்வி ஒரு விநாடி தாமதமாகத் தெரிகிறது என்று வையுங்கள். 20 விநாடி டைமரில் அவருக்கு 25 புள்ளி போகும், பெரிய விஷயம் இல்லை. அதே தாமதம் 5 விநாடி டைமரில் 100 புள்ளியைச் சாப்பிட்டுவிடும். பத்துக் கேள்விக்கு இப்படியே போனால் அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மேலே வர முடியாது, இரண்டாவது தடவை கூப்பிட்டால் வரவும் மாட்டார். இதற்கு வழி உண்டு: கேள்வியும் பதில்களும் ஆடுபவரின் போனிலேயே தெரியும்படி செட்டிங்கில் மாற்றலாம், அதை முதல் வேலையாகச் செய்யுங்கள். டைமரை 30 விநாடிக்குக் கீழே வைக்காதீர்கள். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

தமிழில் கேள்வி எழுதுபவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்தத் தளங்களில் கேள்விக்கும் பதிலுக்கும் எழுத்து வரம்பு இருக்கும், கணக்கெடுப்பது யூனிகோடு குறியீடுகளை, அதாவது எழுத்துகளைக் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் எண்களை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து குறியீடு, ஏனென்றால் மி-யில் உள்ள கொக்கியும் ழ்-ல் உள்ள புள்ளியும் தனித்தனி. அதனால் நாம் நினைப்பதைவிட வேகமாக இடம் தீர்ந்துவிடும், நீட்டி முழக்கிக் கேள்வி எழுத முடியாது. அதேபோல, பதிலை டைப் செய்யச் சொல்லித் தானாகத் திருத்தும் வகைக் கேள்வியைத் தமிழில் வைக்கவே வேண்டாம் என்பேன். ஒருவர் ஐன்ஸ்டீன் என்று அடிப்பார், இன்னொருவர் ஐன்ஸ்டைன் என்பார், ஒருவர் ஆஸ்திரேலியா, மற்றவர் அவுஸ்திரேலியா. இரண்டும் சரிதான் என்று மனிதருக்குத் தெரியும், மெஷினுக்கு ஒவ்வொரு வடிவத்தையும் முன்கூட்டியே சொல்லித் தர வேண்டும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை என்றால் இந்தச் சிக்கலே வராது.

கஹூட்டில் எனக்கு உள்ள பெரிய குறை வேறு. டைமர் ஓடும்போது கூட்டம் மௌனமாகிவிடுகிறது. சிரிப்பு, கிண்டல், ஆரவாரம் எல்லாம் கேள்விகளுக்கு நடுவே ஸ்கோர்போர்டு வரும் அந்தச் சில விநாடிகளில் மட்டும்தான். பத்துப் பதினைந்து பேர், அதில் பாதிப் பேருக்கு ஒருவரையொருவர் அவ்வளவாகத் தெரியாது, கையில் அரை மணி நேரம்தான் என்றால் அந்த மௌனம் உண்மையில் உதவி, யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பள்ளிக்காலத் தோழர்கள் நாலைந்து பேர் வெகுநாள் கழித்துச் சேரும்போது அதே மௌனம் வீண்.

டிஸ்கார்டு என்ற அரட்டை ஆப்பில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் என்றால் ட்ரிவியா பாட் (தானாகவே கேள்வி கேட்டுப் புள்ளி போடும் ப்ரோகிராம்) ஒன்றைச் சேர்த்துவிட்டு உடனே ஆடலாம், யாரும் எதையும் தயாரிக்க வேண்டாம். கேள்விகள் பொதுவாக ஆங்கிலத்தில், யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கக்கூடிய பொதுத் தொகுப்புகளிலிருந்து வரும், தரம் ஏறி இறங்கும். பெரும்பாலும் முதலில் டைப் செய்பவருக்கே புள்ளி என்பதால் ஜெயிப்பது விரல் வேகம்தான். சும்மா இருக்கும் நேரத்துக்குச் சரி, ஒரு நாளை ஒதுக்கிக் கூடும் கூட்டத்துக்குப் போதாது.

அடுத்தது ஜாக்பாக்ஸ். விளையாட்டுத் தொகுப்பை ஒருவர் வாங்கி வைத்திருந்தால் போதும், அவர் ஸ்க்ரீன் ஷேர் செய்ய, மற்றவர்கள் போன் பிரவுசரில் நான்கு எழுத்து ரூம் கோடு போட்டு உள்ளே வருவார்கள். 2016-ல் வந்த மூன்றாவது தொகுப்பில் உள்ள ட்ரிவியா மர்டர் பார்ட்டியில் எட்டுப் பேர் வரை ஆடலாம். தப்பான பதில் சொன்னவர்கள் சின்னச் சின்ன உயிர்பிழைக்கும் ஆட்டங்களுக்குள் தள்ளப்படுவார்கள், அதில் செத்துப்போனாலும் பேயாகத் தொடரலாம், கடைசிச் சுற்றில் பேயும் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் குவிஸில் அடிக்கடி நடக்கும் கொடுமை என்னவென்றால், பாதி ஆட்டத்திலேயே இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்துபோன ஆள் மீதி நேரம் முழுக்கப் பார்வையாளராக உட்கார்ந்திருப்பது. அதைத் தடுக்கும் எந்த விதியும் நல்ல விதிதான். குறை என்று பார்த்தால் மொழி. ஜாக்பாக்ஸ் தமிழில் இல்லை, கேள்விகளில் பல அமெரிக்கப் பின்னணி தெரிந்தால்தான் புரியும், படிக்கக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான்.

ஆனால் ஜாக்பாக்ஸின் ஃபிபேஜ் என்ற ஆட்டத்தின் யோசனையை அப்படியே எடுத்து, எந்த ஆப்பும் இல்லாமல் தமிழில் ஆடலாம், ஆடிப் பாருங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். நடத்துபவர் ஒரு வினோதமான உண்மையை ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். உதாரணமாக: "ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு ______." ஒவ்வொருவரும் நம்பும்படியான ஒரு பொய்யை நடத்துபவருக்குத் தனி மெசேஜில் அனுப்புவார்கள். ஒருவர் சிவப்பு மான் என்பார், இன்னொருவர் செம்மறியாடு, ஒருவர் கடல்நாய். நடத்துபவர் உண்மையான பதிலையும் நடுவே சொருகி எல்லாவற்றையும் வாசிப்பார். யூனிகார்ன் (கதைகளில் வரும் ஒற்றைக் கொம்புக் குதிரை) என்று வாசித்ததும் எல்லோரும் சிரித்து ஒதுக்கிவிட்டு மானுக்கு ஓட்டுப் போடுவார்கள், உண்மையில் யூனிகார்ன்தான் பதில். உண்மையைக் கண்டுபிடித்தால் புள்ளி, உங்கள் பொய்யை ஒவ்வொருவர் நம்பும்போதும் உங்களுக்குப் புள்ளி. இதில் பொது அறிவு அதிகம் உள்ளவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. ஆளை அறிந்தவருக்குத்தான் ஆதாயம், "இவன் இப்படித்தான் நம்புவான்" என்ற கணக்குத்தான் மூலதனம். ஒரே ஒரு கவனம்: பதில்களை வந்தபடியே ஒட்டாமல் நடத்துபவர் ஒரே நடையில் திருத்தி எழுதி வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துப்பிழையைப் பார்த்தே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று பேர் மட்டும் இருந்தால்கூட இது ஓடும், ஐந்தாறு பேர் என்றால் அமர்க்களம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது, ஒருவருக்கு விடியும்போது இன்னொருவருக்கு இருட்டுகிறது என்றால் என்ன செய்வது? ட்ரிவியா க்ராக் போன்ற முறைவைத்து ஆடும் ஆப் இதற்குத்தான். அர்ஜென்டினாவின் எடெர்மேக்ஸ் 2013-ல் கொண்டுவந்தது. சக்கரத்தைச் சுற்றினால் ஆறு பிரிவுகளில் ஒன்று விழும், உங்கள் முறை முடிந்ததும் எதிராளி தனக்கு நேரம் கிடைக்கும்போது ஆடிக்கொள்ளலாம். தொந்தரவில்லாத ஏற்பாடு, ஆனால் நண்பரோடு ஆடுகிறோம் என்ற உணர்வு மெல்ல மங்கி, நோட்டிஃபிகேஷனோடு ஆடுவதுபோல ஆகிவிடுகிறது.

இதைவிட நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. லேர்ன்ட் லீக் என்று ஆங்கிலத்தில் ஒரு போட்டி, உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் சேர முடியும். தினம் ஆறு கேள்வி, ஒருவருக்கு ஒருவர் மோதல். நீங்கள் பதில் எழுதுவதோடு, அதே ஆறு கேள்விக்கும் எதிராளிக்குக் கிடைக்கக்கூடிய புள்ளிகளையும் நீங்களே ஒதுக்க வேண்டும்: ஒன்றுக்கு 0, இரண்டுக்கு 1, இரண்டுக்கு 2, ஒன்றுக்கு 3. எதிராளிக்கு நிச்சயம் தெரியும் என்று தோன்றும் கேள்விக்கு 0, சத்தியமாகத் தெரியாது என்று தோன்றுவதற்கு 3. தேடிப் பார்க்கக் கூடாது என்பது முழுக்க நம்பிக்கையின் பேரில் நடக்கிறது. இந்த விதியை அங்கே போய்த்தான் ஆட வேண்டும் என்றில்லை, உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஒரு கூகுள் ஃபார்மை வைத்து ஆடலாம். நண்பர்களுக்கு நடுவே இது அழகாகப் பொருந்தக் காரணம், உங்கள் தோழிக்கு வானியலில் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும், கோள் பற்றிய கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு 0 போடுவீர்கள். நீங்கள் அப்படிப் போடுவீர்கள் என்பது அவருக்கும் தெரியும். நேரம் ஒத்துவராத கூட்டத்துக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

சரி, பேசி ஆடும் ஆட்டத்துக்கு வருவோம். ஒருவர் கேள்விகளைத் தயாரித்து வீடியோ காலில் நடத்துவார், மற்றவர்கள் மூன்று நான்கு பேர் கொண்ட டீம்களாகப் பிரிந்து கூடிப் பேசிப் பதிலை எழுதி அனுப்புவார்கள், சுற்று முடிந்ததும் விடை. இது பழைய முறை, சிறப்புத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை, தயாரிப்பு வேலை அதிகம். ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விட இதை மேலே வைக்கிறேன். ஏன் என்பதற்கு ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்.

"உலகிலேயே அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு எது?" கஹூட்டில் போட்டால் ரஷ்யா என்று பாதிப் பேர் மூன்று விநாடியில் தட்டிவிடுவார்கள், சிவப்பு எக்ஸ் வரும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஒரு டீமிடம் இரண்டு நிமிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? முதலில் ரஷ்யா என்பார்கள். ஒருவர் "அவ்வளவு சுலபமாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார்கள்" என்று சந்தேகப்படுவார். நாடு பெரியதாக இருக்க வேண்டியதில்லை, சிதறிக் கிடந்தால் போதுமே என்று யாருக்காவது பொறிதட்டும். அப்போது பிரிட்டனா பிரான்ஸா என்று விவாதம். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா இருக்கிறது, இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன், பசிபிக்கில் பிரெஞ்சு பாலினீசியா என்று ஒருவர் விரல்விட்டு எண்ணுவார். பிரான்ஸுக்கு 12, ரஷ்யாவுக்கு 11 என்று விடை வரும்போது அந்த டீமில் யாருமே முன்பே அதைத் தெரிந்து வைத்திருக்கவில்லை, ஆனாலும் பிடித்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷம் வேக ஆட்டத்தில் கிடைக்கவே கிடைக்காது. தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்ற வகைக் கேள்விகளைக் குறைத்து, யோசித்தால் எட்டக்கூடிய இப்படிப்பட்ட கேள்விகளை வைப்பதுதான் நடத்துபவரின் திறமை.

போனில் தேடிவிடுவார்களே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். வேக ஆட்டத்தில் டைமர் அதைத் தடுக்கிறது, இங்கே கேள்வியே தடுக்க வேண்டும். ஒரே வரியில் தேடக் கிடைக்கும் கேள்விக்குப் பதிலாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். உதாரணமாக, டின்னில் அடைத்த உணவு, டின் ஓப்பனர், லைட்டர், உரசினால் பற்றும் தீக்குச்சி, இந்த நான்கில் எது முதலில் வந்தது, எது கடைசி? டின்னுக்குக் காப்புரிமை 1810-ல், லைட்டர் 1823-ல், தீக்குச்சி 1826-ல், டின் ஓப்பனர் 1850-களில்தான். தீக்குச்சிக்கு முன்பே லைட்டர் வந்துவிட்டது என்பதை யாரும் நம்பமாட்டார்கள், டின் வந்து நாற்பது வருடம் எப்படித் திறந்தார்கள் என்று அடுத்த ஐந்து நிமிடம் பேச்சு ஓடும் (உளியும் சுத்தியலும்தான்). நான்கையும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பதால் ஏமாற்ற நினைப்பவருக்கும் அலுப்பு. இரண்டு டீம் சமமாக வந்துவிட்டால் கேட்க எண் கேள்வி ஒன்று கைவசம் இருக்கட்டும்: இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை எத்தனை கிலோமீட்டர்? 50.45-க்கு யார் பக்கத்தில் வருகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள்.

நடைமுறை விஷயங்களில் இரண்டு மட்டும். ஜூம் இலவசக் கணக்கில் ஒரு மீட்டிங் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். ஜூமில் டீம்களைத் தனி அறைகளுக்கு அனுப்ப பிரேக்அவுட் ரூம் வசதி இலவசத்திலேயே இருப்பதால் இதற்கு அதுதான் ஏற்றது, 40 நிமிடத்தில் இரண்டு சுற்றை முடித்துவிட்டு ஒரு இடைவேளை விட்டுத் திரும்ப உள்ளே வரலாம். அப்புறம், கேள்விகளை எந்த ஆப்பிலும் மட்டும் வைத்திருக்காதீர்கள், ஒரு ஷீட்டில் வையுங்கள். குவிஸ்அப் என்று ஒரு ஆப் 2013-ல் வந்து பெரிய அலையைக் கிளப்பியது, ஏழு கேள்விகளில் ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டம், 2021-ல் மூடிவிட்டார்கள். அதில் பழகிய கூட்டத்துக்கு அன்றோடு எல்லாம் போனது. உங்கள் ஷீட் உங்களோடு இருக்கும்.

தயாரிப்பு வேலை அதிகம் என்று சொன்னேன், அது உண்மையான தடை. 30 நல்ல கேள்வி எழுத ஒரு மாலை முழுக்கப் போய்விடும், அதுவும் ஒவ்வொரு விடையையும் சரிபார்க்க வேண்டும். யாருக்கும் அந்த நேரம் இல்லை என்றால் ஸ்போர்க்கிள் பக்கம் போங்கள். 2007-லிருந்து இருக்கும் தளம், பட்டியலை நிரப்பும் வகை: ஆப்பிரிக்காவின் 54 நாடுகள், 118 தனிமங்கள் என்று. ஒருவர் ஸ்க்ரீன் ஷேர் செய்து டைப் செய்ய மற்றவர்கள் கத்தலாம், எல்லோரும் ஒரே டீம், எதிரி கடிகாரம் மட்டும். ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டியிருக்கும், ஒருவர் அடித்தால் போதும் என்பதால் மற்றவர்களுக்கு அது தடை இல்லை. போட்டி என்றாலே ஒதுங்கிப் போகும் ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரை உள்ளே இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதுவும் பேசி ஆடும் ஆட்டம்தான் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பத்துப் பேருக்கு மேல், நேரம் குறைவு என்றால் கஹூட், டைமரை நீட்டி வைத்து. நேரமே ஒத்துவராவிட்டால் ஆறு கேள்வி, புள்ளி ஒதுக்கும் முறை. மூன்று நான்கு பேர்தான் என்றால் பொய் சொல்லும் ஆட்டமோ ஸ்போர்க்கிளோ. ஐந்திலிருந்து பத்துப் பேர், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், ஒருவராவது கேள்வி எழுதத் தயார் என்றால் யோசிக்கவே வேண்டாம், டீம் பிரித்து நடத்துங்கள். நடத்துபவரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், வீடியோ காலைத் துண்டிப்பதற்கு முன்பே அடுத்தது யார் என்று பெயரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் குரூப்பில் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆட்டம் சூடாக முடிந்த அந்த நிமிடத்தில் கேட்டால், தோற்ற டீமில் ஒருவர் "அடுத்தது நான், என் கேள்வியைப் பாருங்கள்" என்று தானாகவே முன்வருவார்.